உதைக்காததாக ஒன்று

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் தங்கைக்குக் கடிதமும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் காய் நறுக்குகிற பக்கமாக ஒதுங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் புத்தகம் படிக்கிறவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது இந்த விஷயம் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்துவிட்டேன். மருமகள் பயந்துபோய் ஓடிவந்தாள். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன், சிரிப்பில் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. எழுதினால் முழுக்கச் சொல்லிவிடலாம் என்று பட்டது.

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். வானம் பார்த்த பூமி. ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. கடலை காய் பிடித்தால் எங்களுக்கு முன்னால் நரிக்குத் தெரிந்துவிடும். விடியற்காலையில் வந்து செடி செடியாகப் பறித்துத் தின்னும். அதற்காக அப்பா லைசென்ஸ் வாங்கி ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்குப் பதினைந்து வயது.

அந்த ஆவணியில் அப்பா மாட்டுவண்டியிலிருந்து விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டவர், எலும்பு கூடிவிடும், ஆனால் அந்தத் தோளில் இனிமேல் துப்பாக்கியை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டில் பிள்ளைகள் என்று நானும் தங்கையும்தான். அதனால் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துக் காவல் இருக்கச் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. பெரியப்பா மகன் நல்லவன்தான். ஆனால் கையில் துப்பாக்கி இருந்தால் நரி வருகிறதா என்று பார்க்கமாட்டான், தன்னை யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்ப்பான்.

நான் ஐந்தாறு வருஷமாக அப்பாவோடு தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தவள். எப்படி நிற்கவேண்டும், எப்போது மூச்சை அடக்கவேண்டும், எல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரியும். சுட்டதுதான் இல்லை. எனக்கு அந்தத் துப்பாக்கிமேல் அப்படி ஒரு ஆசை. நகைமேலோ புடவைமேலோ எனக்கு அந்த ஆசை வந்ததில்லை. அப்பாவிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொல்லிவிட்டேன்.

"நான் சுடறேம்ப்பா."

அவர் திரும்பிப் பார்த்து, "யார?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். கரையில் ஒரு ஓட்டைப் பானையை வைத்திருந்தார். எனக்குப் பின்னால் எருக்குழி இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. விசையை இழுத்தது தெரியும். அதற்கப்புறம் எனக்கு வானம்தான் தெரிந்தது. எருக்குழியில் மல்லாக்கக் கிடந்தேன். துப்பாக்கியை மட்டும் விடாமல் நெஞ்சோடு பிடித்திருந்தேன். பானை அப்படியே இருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா என்னைக் குழியிலிருந்து தூக்கினாள். வீட்டுக்கு வந்து தோளைப் பார்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"ஒரு தோளு ஒடிஞ்சது போதாதா இந்த வூட்டுக்கு? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா இந்தத் தோளோட நிப்பாளா இவ?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய துப்பாக்கி, அதான் ஒதைச்சிடுச்சு. ஒதைக்காத துப்பாக்கியும் இருக்கு" என்றார் அப்பா.

"எங்க இருக்கு?"

"பாக்கணும்."

"சரி, பாருங்க. ஐப்பசி பொறக்கற வரைக்கும் பாருங்க. என் கண்ணு முன்னால சுட்டு, அது ஒதைக்கலைன்னா இவ சுடட்டும். இல்லைன்னா அந்தப் பையன் வரட்டும், இவ அடுப்படிக்கு வந்துடணும். அப்புறம் தோட்டாப் பையக்கூடத் தொடக்கூடாது."

அம்மா சொன்னால் சொன்னதுதான். புரட்டாசி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு உடனே நினைவுக்கு வந்தது அரியலூரில் இருந்த என் மாமா. அம்மாவின் தம்பி. ரயில் ஸ்டேஷன் பக்கம் கடலை மண்டி வைத்திருந்தார். பலதரப்பட்ட ஆட்கள் பழக்கம், எது கேட்டாலும் தேடிப் பிடித்துவிடுவார். அப்பாவுக்குக் கை கட்டில் இருந்ததால் போஸ்ட் கார்டை நான்தான் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். பாப்பா என்பது என்னைத்தான்.

'சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். பாப்பாவின் உபயோகத்துக்கு உதைக்காததாக ஒன்று தேவை. சின்னதாக இருந்தால் நல்லது. ரொம்ப வயதானது வேண்டாம். முன்னால் வைத்திருந்தவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கவும். ஐப்பசிக்குள் கைக்கு வரவேண்டும்.'

"என்ன வேணும்னு எழுத வேண்டாமாப்பா?" என்று கேட்டேன்.

"யுத்த நேரம் தாயி. இந்தக் கார்டைப் பெரம்பலூர்ல ஒருத்தன் படிப்பான், அரியலூர்ல ஒருத்தன் படிப்பான். துப்பாக்கின்னு எழுதியிருந்தா போலீஸ் வாசல்ல நிக்கும். என் தோளு ஒடிஞ்சது உன் மாமனுக்குத் தெரியும். புரிஞ்சுக்குவான்."

லைசென்ஸ் பெட்டியில் பத்திரமாக இருந்தும் அப்பாவுக்குப் போலீஸ் என்றால் பயம்.

பத்து நாளில் பதில் வந்தது. அம்மா களையெடுப்புக்குப் போயிருந்தாள். அப்பா மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு என்னைப் படிக்கச் சொன்னார்.

'தாங்கள் எழுதியபடியே ஒன்று அமைந்திருக்கிறது. செவலை நிறம். ஆறு பல். சுழி சுத்தம். வைத்திருந்தவர்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள். நான் இரண்டு வேளையும் கைவைத்துப் பார்த்துவிட்டேன், அசையக்கூட இல்லை. பாப்பாவோடு நேரில் வரவும்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். "சுழின்னா என்னப்பா?"

"அதான் ரைபிள்ங்கறது. கொழலுக்குள்ள சுத்திச் சுத்திச் சுழி மாதிரி வரி போயிருக்கும். துரு இல்லாம சுத்தமா இருக்குதாம். பாத்தியா, உன் மாமன் உள்ள விட்டுப் பாத்திருக்கான்."

"செவலை?"

"கட்டை செவப்பா இருக்கும். நல்ல மரம்."

"ஆறு பல்லு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆறு தோட்டா போடறதா இருக்கும். மறைச்சு எழுதியிருக்கான். கெட்டிக்காரன்."

எங்களைச் சுற்றி ஐந்து மாடுகள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அம்மா வந்ததும் அப்பா, "கெடைச்சிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

புரட்டாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. பின்னால் ஒரு அடுப்பைக் கட்டியிருப்பார்கள். மேடு வந்தால் ஆம்பளைகள் இறங்கித் தள்ளவேண்டும். அப்பா கட்டுப்போட்ட கையோடு இறங்கி, மற்ற கையால் பஸ்ஸைத் தொட்டுக்கொண்டு நடந்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பஸ் மறுபடி கிளம்பியதும் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"பொண்ணக் கூட்டிக்கிட்டு எங்கங்க?"

"அரியலூருக்கு. ஒண்ணு பாக்கப் போறோம்." அப்பா போலீஸ் பயத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"அப்படிங்களா! நல்ல எடமா?"

"தெரிஞ்ச எடந்தான். ஒதைக்காதுன்னு எழுதியிருக்காங்க."

அந்த அம்மா அப்பாவையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "அதாங்க முக்கியம். மத்ததெல்லாம் அப்புறம். நாங்க மூத்தவளுக்கு அதை விசாரிக்காமக் குடுத்துட்டோம்" என்றார். என் தலையைத் தடவி, "நல்லா இரு" என்றும் சொன்னார். எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது. அப்பாவுக்கு அப்போதும் புரியவில்லை. அரியலூர் வரைக்கும் அந்த அம்மாவின் மூத்த மகளுக்கு எதற்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

மாமா வீட்டில் அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்ததும் அப்பா எழுந்துவிட்டார். "மாப்ள, காட்டு."

"வாங்க மச்சான். கொல்லைப் பக்கம் வச்சிருக்கேன்."

"கொல்லையிலயா? நனையாதா?"

"நனைஞ்சா என்ன மச்சான், அதுக்குப் பழக்கந்தான்."

அப்பாவுக்குக் கொஞ்சம் முகம் மாறியது. பின்னால் போனோம். கிணற்றடிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் ஒரு செவலைப் பசு கட்டியிருந்தது. நெற்றியில் வெள்ளை. மாமா கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். அப்பா பசுவைச் சுற்றிக்கொண்டு போய் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். பிறகு சுவர் ஓரம் பார்த்தார்.

"எங்க மாப்ள?"

"இந்தா நிக்குதே."

"எது?"

"என்ன மச்சான், கண்ணு முன்னால நிக்குது. பாப்பா, நீ வா. மடியில கைய வை. பயப்படாத, ஒதைக்காது. ஆறு பல்லு, இளம் மாடு. ஒடம்புல மயிர்ச் சுழி எல்லாம் சுத்தம். நீங்க எழுதின மாதிரியே சின்ன உருப்படி. பாப்பாவுக்குக் கல்யாண வயசு வந்துடுச்சு, பால் கறக்கப் பழக்கறீங்கன்னு நானும் இவளும் பேசிக்கிட்டோம்."

அப்பா பசுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சுழி..." என்றார்.

நான்தான் சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "மாமா, நாங்க கேட்டது துப்பாக்கி."

பசு வாலை ஆட்டியது. முதலில் சிரித்தது மாமாவின் மனைவி. கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "துப்பாக்கிய ரெண்டு வேளையும் கறந்து பாத்திருக்காரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்து மாமா. அப்பா கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத மாப்ள, வலிக்குது" என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். வயிறு வலித்தது. அந்தப் பசு நல்ல பசு. நாலு பேர் அதன் காலடியில் அப்படிக் கூத்தடித்தும் அது ஒரு காலைத் தூக்கவில்லை. மாமா அதைத் தன் வீட்டுக்கே வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு அம்மா வைத்த கெடு நினைவுக்கு வந்தது. நாளை மறுநாள் ஐப்பசி பிறந்துவிடும். வெறுங்கையோடு போனால் அம்மா பெரியப்பா மகனுக்குச் சொல்லி அனுப்பிவிடுவாள். என்னைப் பார்த்து மாமாவின் முகமும் சுருங்கிவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"மச்சான், ஸ்டேஷனுக்கு அந்தாண்ட ஒரு துரை இருக்காரு. ரயில்வேயில இருந்தவரு. பெங்களூருக்குப் போகப்போறாரு, சாமானெல்லாம் விக்கறாரு. அவரு வூட்டுல சுவரு பூரா துப்பாக்கி. நேத்துகூடக் கட்டில் வேணுமான்னு கேட்டாரு. நான்தான் உங்க மாட்டப் பாக்கற அவசரத்துல வந்துட்டேன்."

துரை என்று ஊரில் எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆங்கிலோ-இந்தியக் கிழவர் நல்ல உயரம். தமிழ் நன்றாகப் பேசினார். அப்பா லைசென்ஸைக் காட்டினார். அதில் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ள இடம் இருந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு மூன்று துப்பாக்கிகளைக் கட்டிலில் கொண்டுவந்து வைத்தார். ஒன்று சிப்பாய்கள் வைத்திருப்பது போலப் பெரியது. அதை நான் தொடவே இல்லை. இன்னொன்று குட்டையாக, ஒற்றைக் குழலாக, விறகுக்குச்சி போல லேசாக இருந்தது. மூன்றாவது ஒரு சின்ன ரைபிள். பார்க்கச் சின்னதுதான், தூக்கினால் கனம்.

"லேசா இருக்கறது நல்லது. சின்னப் பொண்ணு" என்றார் அப்பா. எனக்கும் அதுதான் பிடித்தது. ஒரு கையால் தூக்க முடிந்தது.

துரை இரண்டு சின்னத் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை மண் சுவர் மாதிரி நின்றது. அதன் முன்னால் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தார். நான் லேசான துப்பாக்கியால் சுட்டேன். எருக்குழி இல்லாத குறைதான். பழைய இடத்திலேயே இடி விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்பத் தெரியுதா?" என்றார் துரை. "லேசான துப்பாக்கி மொத்த ஒதையையும் ஒங்கிட்டதான் குடுக்கும். கனமா இருந்தா பாதியத் தானே வாங்கிக்கும்."

"அட, வண்டி கணக்கா!" என்றார் மாமா. "வெறும் வண்டியில காளை மெரண்டா வண்டியும் துள்ளும். மூட்டை ஏத்தின வண்டி நகராது மச்சான்."

சின்ன ரைபிளைக் கொடுத்தார்கள். அதன் பின்கட்டையை இரண்டு விரல் அளவு அறுத்து, தோளில் படுகிற இடத்தில் ரப்பர் ஒட்டியிருந்தது. கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தேன். விரல் விசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அப்பாவின் துப்பாக்கியில் நான் கழுத்தை நீட்டி எட்டிப் பிடிக்கவேண்டியிருந்ததே, அது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. கன்னம் தானாகக் கட்டையில் போய் உட்கார்ந்தது. தோட்டா என் சுண்டுவிரலைவிடச் சின்னது.

"இது நரிக்குப் போதுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"நரிக்குப் போதும். பன்னியச் சுடாத. பன்னிக்குக் கோவம்தான் வரும்" என்றார் துரை என்னிடம்.

மூச்சை அடக்கி விசையை இழுத்தேன். பட் என்று ஒரு சத்தம். தோளில் யாரோ தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"வெடிக்கலைப்பா" என்றேன்.

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். டின்னைக் காணோம். மாமா பள்ளத்தில் இறங்கி, நடுவில் ஓட்டையோடு அதைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வந்த சிரிப்பைச் சொல்ல முடியாது. துரை சட்டென்று துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், சிரிப்பில் நான் அதைக் கீழே போட்டுவிடுவேனோ என்று. இன்னும் மூன்று தோட்டா கொடுத்தார். மூன்றும் பட்டன. அப்பா அதையே விலை பேசி வாங்கினார்.

வீட்டு ஜன்னலிலிருந்து துரையின் மனைவி எட்டிப் பார்த்துக் கத்தினார். "அது என்னோடது! எனக்காகத்தான் கட்டைய அறுத்தாரு. எண்ணெய் போட்டு வை, புள்ள. துரு புடிச்சா நான் பெங்களூர்லேருந்து வந்து ஒதைப்பேன்!"

மறுநாள் மத்தியானம் ஊருக்கு வந்தோம். புரட்டாசி கடைசி நாள். பாயில் சுருட்டிக்கொண்டு வந்ததை அப்பா பிரித்தார். பெரியப்பா மகன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். அப்பா கரை மண்ணில் ஒரு கொட்டாங்குச்சியைக் குத்தி வைத்தார். நான் துப்பாக்கியைத் தூக்கினேன்.

"இரு" என்றாள் அம்மா. "முதல்ல என்னை ஒதைக்கட்டும்."

"உனக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

"எத்தனை மாட்டுகிட்ட ஒதை வாங்கியிருக்கேன், எனக்குத் தெரியாத ஒதையா? இவ ஆசையில வலிச்சாலும் வலிக்கலைன்னுதான் சொல்லுவா. குடு இப்படி."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அவள் தோளில் கட்டையைச் சரியாக வைத்துக் கொடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டாள். கரையில் எங்கேயோ மண் தெறித்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஏதோ எதிர்பார்த்து ஏமாந்துபோன மாதிரி இருந்தது அவள் முகம்.

"இதுவா? கன்னுக்குட்டி மூக்கால இடிச்சா இதைவிடப் பலமா இருக்கும்" என்றாள். அப்புறம் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொரு வாட்டி குடு" என்றாள்.

இரண்டாவது தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டாள். கொட்டாங்குச்சிக்கு ஒரு முழம் தள்ளிப் பட்டது. அப்பா, "தோட்டா கெடைக்காத காலம்" என்று முனகினார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகுதான் என்னிடம் கொடுத்தாள். நான் சுட்டதும் கொட்டாங்குச்சி இரண்டாகப் பிளந்து விழுந்தது. அம்மா என் ரவிக்கையை விலக்கித் தோளைப் பார்த்தாள். பழைய கன்றல் மஞ்சளாக மங்கியிருந்தது. முந்தின நாள் லேசான துப்பாக்கி வைத்த சிவப்பை அப்பா விளக்கிச் சொன்னார். அது தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை.

பெரியப்பா மகன், "அப்ப எனக்கு என்ன சித்தி?" என்று கேட்டான்.

"உனக்கு இன்னும் கொஞ்சம் மோர் இருக்கு. குடிச்சிட்டுப் போ" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் அப்பா போஸ்ட் கார்டு கதையை அம்மாவிடம் சொன்னார். "சுழி சுத்தம், ஆறு பல்லுன்னு படிச்சிட்டு, மாட்டுக் கொட்டகையில நின்னுக்கிட்டே துப்பாக்கின்னு நெனச்சீங்களா? ரெண்டு பேருமா?" என்று கேட்டாள். நாங்கள் ஆமாம் என்றோம். அம்மா தங்கையைக் கூப்பிட்டு, அப்பாவையும் என்னையும் காட்டி, "இவங்க ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துக்க" என்றாள்.

மறுநாள் அப்பா தாலுகா ஆபீஸுக்குப் போய்ப் புதுத் துப்பாக்கியின் நம்பரை லைசென்ஸில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். மழை பெய்ததால் நாங்கள் கொல்லைக்குப் போகவில்லை.